பன்னிரண்டு முகங்கள்

வெண்மதி பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மூன்று வருஷம். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவதுதான் அவளுக்கும் அம்மா ராணிக்கும் பிழைப்பு. தொலைதூரக் கல்வியில் பன்னிரண்டாவது படிக்கலாம் என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டாள். பாடம் போனில், வாத்தியார் போனில். வேதியியல் ஆய்வுக்கூடமும் போனில்தான். விரலால் தள்ளினால் குடுவை சாயும், கரைசல் நிறம் மாறும். பள்ளிக்கூடத்தில் அவளைக் குடுவையைத் தொடவே விட்டதில்லை. இங்கே ஒரே பாடத்தை ஆறு முறை ஓடவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கூச்சக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

பரீட்சையும் வீட்டிலேயே, கேமரா முன்னால். நன்றாகத்தான் எழுதினாள். மறுநாள் செய்தி வந்தது: அறையில் பன்னிரண்டு முகங்கள் தெரிந்தன. முறைகேடு. தேர்வு ரத்து.

அவள் முதுகுக்குப் பின்னால் பலகையில் பதினோரு பொம்மைகள் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தன.

அம்மாவை இழுத்துக்கொண்டு கடைவீதி மாடியிலிருந்த கல்வி மையத்துக்குப் போனாள். பொறுப்பாளர் குருமூர்த்தி, செய்தியோடு வந்திருந்த கேமராப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பொம்மைன்னு எனக்குத் தெரியுது பாப்பா, மெஷினுக்குத் தெரியலையே. அவ்ளோ அழகா கண்ணு வெச்சிருக்கே, சந்தோஷப்படு."

"சந்தோஷமா? ரெண்டு நாளா சோறு துன்னல சார் இவ" என்றாள் ராணி.

"அடுத்த வருஷம் எழுதட்டும்மா. வெறும் செவுரு இருக்கிற தனி ரூமா பாத்து உக்காரச் சொல்லுங்க."

"எங்க வூடே ஒரு ரூமுதான். வெறும் செவுத்துக்கு எங்க போறது?"

வெண்மதி வாய் திறந்தாள். "நான் எழுதின பதிலை யாராவது படிச்சாங்களா சார்?"

"ரத்தானா அதைத் திறக்கவே மாட்டாங்க."

"இந்தப் படத்தையாவது ஒரு மனுஷர் பாத்தாரா?"

"எல்லாம் சிஸ்டம்தான்."

அவளுக்கு உடம்பு கொதித்தது. காப்பியடித்தவள் என்று எழுதியாயிற்று. எழுதியது யார் என்று கேட்டால் கைகாட்ட ஓர் ஆள் இல்லை. ஒரு வருஷத்தைப் பிடுங்கிக்கொள்ள மட்டும் தெரிகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தலைமை ஆபீஸுக்குப் போன் போடுங்க. ஆளு பேசுற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"போட்டா பாட்டுதாம்மா பாடும்."

"பாடட்டும்."

பாடியது. பாடிப் பாடித் தானாகவே அறுந்தது. ராணி அவள் தோளைத் தட்டினாள். "வாடி, வேலை அப்படியே கெடக்குது."

"நீ போம்மா."

ஒரு மணிக்குக் குருமூர்த்தி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சாப்பிடவாவது வுடு பாப்பா."

"நல்லா சாப்பிட்டு வாங்க சார். போனை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

அவர் அவளைப் பார்த்தார். டப்பாவைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டு, மறுபடியும் எண்ணை அழுத்தினார்.