ஒன்று புள்ளி ஆறு

கல் அறுக்கும் பட்டறையில் அந்த வருடம் நான்காவது விரல் போன பிறகு யாருக்கும் விரல் போகவில்லை. ஓடுகிற ரம்பத்துக்குள் மேஸ்திரி வேண்டுமென்றே கையை விட்டுக் காட்டினார். தண்ணீருக்குள் ஓடுவதுபோல் பற்கள் விரல்களின் ஊடே ஓடின, தோலில் கீறல்கூட விழவில்லை. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, அந்த ரம்பப் பகுதிக்கு ‘எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை: நான்கு’ என்று வருடத் தொடக்கத்திலேயே தன் ஆய்வறிக்கையில் எழுதியிருந்தாள். பட்டறையின் பத்து வருட விபத்துப் பதிவேட்டைக் கூட்டிப் பத்தால் வகுத்தது தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை.

ரம்பப் பகுதி கொண்டாடியது. பாரம் ஏற்றும் பகுதியில் யாரும் கொண்டாடவில்லை. அங்கே அவள் எழுதியிருந்தது விரல் கணக்கு அல்ல, சாவுக் கணக்கு: இரண்டு. சாய்த்து நிறுத்தியிருந்த பலகைக்கல் சரிந்து, அங்கிருந்த ஐவரில் நெட்டையன் மூன்றாம் மாதமே போய்விட்டான். மிச்சம் நாலு பேர். நாலில் ஒருவன் அவளுடைய அண்ணன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கல் தூக்கித்தான் தங்கையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியிருந்தான். பதிவேட்டை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கித் தந்ததும் அவன்தான்.

மற்ற மூவரின் மனைவிமாரும் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு மட்டும் சொல்லிடும்மா."

"பேரெல்லாம் கணக்குல வராதுக்கா."

"சாவு வருது, பேரு வராதா? நல்ல படிப்பு படிச்சே போ."

அந்த மூவரில் ஒருவன் வேலையை விட்டே பார்த்தான். மறுநாள் காலை அவன் வீட்டுச் சுவரோரம் ஒரு பலகைக்கல் சாய்ந்து நின்றது; கொண்டுவந்தவர் யாரென்று தெரியவில்லை, தரையில் இழுத்த தடமும் இல்லை. அன்றே வேலைக்குத் திரும்பினான். ஆய்வறிக்கையில் அவள் இரண்டை அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினாள். வகுத்தலில் பிறக்காத எண் காகிதத்தில் ஒட்டவில்லை. மை வழிந்து மேசையில் சொட்டியது, இரண்டு அப்படியே இருந்தது. வருடம் முடிய ஒரு மாதம் இருக்கையில், சாப்பாடு இறங்காமல் இளைத்துப்போய், பேராசிரியர் முன்னால் நின்றாள். அவர் செய்முறைப் பக்கத்தைப் புரட்டினார்.

"பதினாறு சாவைப் பத்து வருஷத்தால வகுத்தா எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ஆறு, சார்."

"இங்க ரெண்டுன்னு இருக்கே?"

"ஆளாச்சேன்னு முழுசாக்கிட்டேன், சார். அரைகுறையா எப்படிச் சாவாங்க?"

"சராசரிய முழுசாக்கக் கூடாதுன்னு முதல் வருஷத்துலருந்து கத்துறேன். யார் காதுல ஏறுது?"

மூன்று மதிப்பெண் குறைத்தார். அவள் சிவப்பு மையில் திருத்தினாள். இந்த முறை மை உடனே காய்ந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "புள்ளி ஆறுன்னா தலைப்பக்கமா கால்பக்கமா, அதையாவது கேட்டியா?" என்றான். அவன் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. இருவருமே அதை எடுக்கவில்லை.

வருடத்தின் கடைசி வாரத்தில் கல் சரிந்தபோது அந்தப் பக்கம் நின்றவன் அவன்தான். நாடி பார்த்த மருத்துவர் இறப்புச் சான்றிதழை எடுத்தார், யோசித்தார், திரும்ப உள்ளே வைத்தார். ஆறு நாள் மூச்சின்றி, கட்டைபோல், குளிர்ந்து கிடந்தான். ஏழாம் நாள் காலை எழுந்து தண்ணீர் கேட்டான். நான்கு நாள் நடமாடினான், வேலைக்கும் போனான். மறுபடி ஆறு நாள் செத்தான். முதல் வருடம் அம்மா ஒவ்வொரு முறையும் மாரடித்து அழுதாள். அடுத்த வருடம், ஈ மொய்க்காமல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். மேஸ்திரி வருகைப் பதிவேட்டில் நான்கு நாளுக்கு மட்டும் குறித்துக்கொண்டார். தங்கை பட்டம் வாங்கினாள். அந்தப் பட்டறையின் எதையும் அவள் பிறகு வகுக்கவில்லை. ஏழாம் நாள் விடியும் முன் மட்டும் அண்ணனின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எத்தனை முறை எழுந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஐந்தாம் வருடம் அண்ணனுக்குப் பெண் கொடுக்கப் பெண் வீட்டார் வந்தார்கள். வேலையை விசாரித்தார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள்.

"அந்த ஆறு நாளும் சேர்ந்தாப்லயா, விட்டு விட்டா?" என்றார் பெண்ணின் அத்தை.

"சேர்ந்தாப்லதான்," என்றாள் அம்மா.

"குறட்டை?"

"அந்த ஆறு நாள் கிடையாது."

பெண் சம்மதித்தாள்.