ஈர உப்பு

வெடித்த சத்தத்தில் ஜுனைதாவின் காது அடைத்துப்போனது. கூரைத் தகரத்தில் தெறித்த அலுமினியம் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. சுவரெங்கும் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டி உறைந்துகொண்டிருந்தன. உலைக்கு முன்னால் அவள் புருசன் உசனார் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான்.

கொஞ்சம் முன்புவரை அவர்கள் இருவரும் உசனாரின் தம்பி முபாரிஸும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலாவியில் அவர்களுடைய பின்வளவில் இருந்த அந்தச் சின்ன உலையில் நசுங்கிய சோடா டின், ஓட்டைச் சட்டி, உடைந்த விசிறி இறக்கை எல்லாம் உருகிக் கட்டியாகும். உருகியதில் ஒரு பிடி உப்பைப் போட்டால் அழுக்குப் பிரிந்து மேலே வரும். அந்த உப்பை ஜுனைதா காலையிலேயே ஈரம் போக வறுத்து, டின்னில் அடைத்து வைப்பாள். இன்று டின் காலி. முபாரிஸ் உப்பளத்துக்கு ஓடி, அப்போதுதான் வாரிக் குவித்ததில் ஒரு கூடை அள்ளிவந்தான். வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியிருந்தது.

"பாலாவியில உப்பில்லாம உலை நிண்டதெண்டா ஊரே சிரிக்கும், மதினி."

"இஞ்ச தாங்க, வறுத்துத் தாறன்."

"நெருப்புக்குள்ளதானே புள்ள போடப்போறம்," என்றான் உசனார். "அங்கயே வறுபடட்டும். கட்டி ஏத்த லொறி வாற நேரம்."

வியர்வையில் மங்கிய கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஈர உப்பைக் கொட்டிக் கம்பியால் அடிவரை அழுத்திக் கிண்டினான். உள்ளே போன ஈரம் ஒரே கணத்தில் ஆவியாகி, உருகியதை எல்லாம் மேலே தூக்கி எறிந்தது.

கண். ஜுனைதாவின் தலைக்குள் அது ஒன்றுதான் நின்றது. அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாளி வாளியாக ஊற்றினாள்.

"கைய எடுங்க. நான் பாக்கணும்."

அவன் எடுக்கவில்லை. முபாரிஸ் பின்னால் நின்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். "உப்புத்தானே மதினி. சும்மா உப்புத்தானே."

ஒவ்வொரு விரலாக அவளே பிரித்தாள். புருவம் கருகியிருந்தது. இமையோரத்தில் கடுகளவு உலோகம் பளபளத்தது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, உசனார் கண்களைத் திறந்தான். உச்சி வெயில் நேரே அவன் முகத்தில் விழுந்தது. கண் கூசவில்லை.

"என்ன புள்ள, இருட்டாக் கிடக்கு. மஃரிபாயிட்டா?"

"இல்ல நானா, இப்பதான் பகல் லுஹருக்கு..."

ஜுனைதாவின் ஈரக் கை முபாரிஸின் வாயைப் பொத்தியது.

"ஓம்," என்றாள். "பொழுது பட்டுட்டு. எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

உசனார் புறங்கையை முன்னால் நீட்டினான். அதில் வெயில் சுட்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு கையை மடக்கிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து எழும்பினான்.