சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின்

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் நிரப்பவேண்டிய கட்டங்களையே வெறித்துக்கொண்டிருந்தாள் இளையவள். சேரவேண்டிய முகவரி, மாஸ்க், கேட்வே. எதில் எதைப் போடுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

அவள் வரையும் எம்பிராய்டரி டிசைன், சுவரைத் துளைத்துப் போகும் ஒயர் வழியாக ஓரகத்தியின் அறையிலுள்ள மெஷினுக்குப் போகும். மூத்தவள் அங்கே நூல் மாற்றித் தைப்பாள். சேர்ந்து ஆரம்பித்த தொழில். பிறகு ஏதோ பேச்சில் வார்த்தை தடித்து, வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பி, முகம் பார்ப்பதும் நின்றுபோயிற்று. ஆர்டர்கள் மட்டும் நிற்கவில்லை. பேசாமலே தொழில் நடந்தது. போன வாரம் மூத்தவள் தன் பக்கம் புது ரௌட்டர் மாட்டினாள். அன்றிலிருந்து ஒரு டிசைனும் போய்ச்சேரவில்லை. பள்ளிக்கூட பேட்ஜுகளை நாளை கொடுத்தாக வேண்டும். வேண்டுமென்றே வெட்டிவிட்டாளா, தெரியாமல் நடந்ததா? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

நெட்வொர்க் வேலையிலிருக்கும் சித்தி மகனை போனில் பிடித்தாள். அவன் சொன்ன எண்களையெல்லாம் அடித்துச் சேமித்தாள். மெஷினிடமிருந்து மூச்சு பேச்சில்லை.

"நீ சொன்னதத்தான்டா போட்டேன். அப்பவும் ஒண்ணும் நடக்கல."

"உங்ககிட்டேர்ந்து போகுதுக்கா. பதில் திரும்பி வர்றதுக்கு அந்த ரௌட்டருக்கு வழி தெரியல. அங்கயும் ஒரு ரூட் போடணும்."

"அங்கன்னா?"

"அந்த வீட்லதான். போய்க் கேளுங்க."

லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு போய் நின்றாள். கதவைத் திறந்த மூத்தவள் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உள்ள வா," என்றாள். ரௌட்டரின் பாஸ்வேர்டையும் சொன்னாள். இளையவள் அதில் திரும்பும் வழியைச் சேமித்துவிட்டு டிசைனை மறுபடி அனுப்பியதும், மெஷினின் திரையில் பேட்ஜ் வந்து நின்றது.

"இதுக்கா இவ்ளோ பாடு? பென்டிரைவ்ல போட்டுக் குடுத்திருக்கலாமே."

அது ஏன் தோன்றவேயில்லை என்று இளையவளுக்கே விளங்கவில்லை. "நீங்களும் கேட்டிருக்கலாமேக்கா."

"கேக்கலாம்னுதான் உங்க வாசல் வரைக்கும் வந்தேன்."

அதை நம்புவதா வேண்டாமா? வந்தவள் ஏன் திரும்பிப் போனாள்? மூத்தவள் ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து மெஷினை ஓடவிட்டாள். அறை அதிர்ந்தது.

"ரௌட்டர மாத்தினது..." என்று ஆரம்பித்தாள் இளையவள். சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன?"

நீலத் துணியில் சிவப்பு வட்டம் பாதி வளைந்திருந்தது. மூத்தவள் நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, இவள் வாயையே பார்த்தாள்.