செருப்போடு வெளியே வருகிறவர்கள்

முதலில் வலது தோள்பட்டை மட்டும்தான் வலித்தது. பிறகு வலி கழுத்துக்கு ஏறி, முதுகுக்கு இறங்கி, உடம்பு முழுக்கக் குடித்தனம் வந்துவிட்டது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், எங்கே வலிக்கவில்லை என்று யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரும்பு வார்க்கிற ஆலையில் அவனுக்கு மண் அச்சுப் பெட்டி தூக்குகிற வேலை. பெட்டியை இடுப்புவரை தூக்கி உருளைமேல் வைத்துத் தள்ள வேண்டும். இளவயதில் பேசிக்கொண்டே தூக்கியவன், இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டான்.

ஆலையில் அவனுக்கு 'பூட்ஸ்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கம்பெனி வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்கும். மூக்கில் இரும்புத் தகடு வைத்த கனத்த பூட்ஸ். உலைக்குப் பக்கத்தில் கொதிக்கிற மண்ணை மிதித்து மிதித்து, பாதி வருஷத்துக்குள் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும். புதுசு கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கூலிக்காரன் எவனும் அதற்குத் துணியமாட்டான். கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பர் ஆலைக்குப் பின்னால் குப்பையாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, அரத்தால் சுரண்டி, பசை தடவி, ஊசியால் சுற்றித் தைத்து, முதலில் தன் பூட்ஸுக்குத்தான் அடிப்பாகம் போட்டான். அடுத்த வாரம் உலைக்காரர் தன்னுடையதை நீட்டினார். அதற்கப்புறம் ஷிப்ட் முடிந்ததும் உடைமாற்றும் அறையின் மூலையில் அவன் உட்கார்ந்தால், முன்னால் பிளந்த வாய்களாக வரிசை கட்டி நின்றன.

பக்கவருமானம் வந்து வீட்டுக்குப் புது மின்விசிறியும், மனைவிக்குக் கண்ணாடியும் ஆயிற்று.

"கடையே போட்ரு பூட்ஸு. நாங்க எல்லாம் இல்லையா?" என்றார் உலைக்காரர்.

"இந்தப் பெட்டியத் தூக்கி என்னத்தக் கண்ட? சொந்தத் தொழில்னா ராஜா மாதிரி உக்காந்து செய்யலாம்" என்றான் இன்னொருவன்.

மனைவி மட்டும் உடனே தலையாட்டவில்லை. வாடகை எவ்வளவு, மிஷின் எவ்வளவு, மாசத்துக்கு எத்தனை ஜோடி வரும் என்று குடைந்து குடைந்து கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவளும் கேட்கவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. ஒருநாள் காலையில் தோளை அறவே தூக்க முடியவில்லை. அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஆலை வாசலுக்கு நேர் எதிரே ஒரு கடை காலியாக இருந்தது. முன்பணம் கொடுத்து எடுத்தான். தோல் தைக்கிற மிஷின் ஒன்றைப் பழசாக வாங்கிப் போட்டான். பலகையில் பெரிய பூட்ஸ் ஒன்றை வரையச் சொன்னான். வரைந்தவன் அதைப் படகுபோல வரைந்து வைத்திருந்தான். பரவாயில்லை, தெரிந்தவர்களுக்குப் பலகை எதற்கு?

முதல்நாள் சங்கு ஊதியதும் வாசலில் கூட்டம் பொங்கியது. அவன் எழுந்து நின்றுகொண்டான்.

"என்ன பூட்ஸு, முதலாளி ஆயிட்ட!"

"கல்லாவ எண்ணவே நேரம் பத்தாது போல!"

"எங்கள மறந்துடாதப்பா!"

கையை ஆட்டினார்கள், சிரித்தார்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். ஒருவன்கூடக் கடைக்கு ஏறவில்லை. முதல்நாள்தானே என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். வாரக் கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, ஒண்ணு கேட்டாக் கோச்சுக்கமாட்டியே? உள்ளேருந்து வர்ற ஆளு பூரா செருப்புல்ல போட்டுட்டு வர்றான். நீ யாரு காலுக்குக் கடை போட்ட?"

அவன் வாசலைப் பார்த்தான். மேல்சட்டை, சாப்பாட்டுப் பை, கரி படிந்த முகம் எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை. கீழே பார்த்தான். ரப்பர் செருப்புகள் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன. பூட்ஸ் கம்பெனி சொத்து. உள்ளே அலமாரியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். வாசலைத் தாண்டக் கூடாது. இத்தனை வருஷம் அவனும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் அந்த வாசலைத் தாண்டினான். ரப்பர், பசை, வாடகை எல்லாவற்றையும் கணக்குப் போட்டவன் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

டீக்கடைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். அவன் முகத்தைப் பார்த்ததும் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

பூட்ஸை வெளியே கொண்டுவர விடச்சொல்லி அனுமதி கேட்கப் போனான். மேலாளர் அறைக்குள்கூட விடவில்லை. சூப்பர்வைசர்தான் வெளியே வந்தார். "கிழிஞ்சா புதுசு தர்றோம், காசு பிடிக்கிறோம். நடுவுல நீ யாருப்பா?" என்றார். உள்ளே இருந்தபோது அவர் பூட்ஸுக்கும் இவன்தான் தைத்துக்கொடுத்தான்.

வந்தது எல்லாம் பை ஜிப்பும் குடைக் கம்பியும்தான். ரப்பர் செருப்பு அறுந்தால் யாரும் தைப்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். கடை வாடகை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. அப்போதுதான் மச்சான் ஞாபகம் வந்தது. மனைவியின் தம்பி. உலைப் பக்கம் வேலை. சேர்த்துவிட்டதே இவன்தான்.

"கேட்ல பைய நோண்டுறாங்க மாமா" என்றான் மச்சான்.

"அடியில பூட்ஸு, மேல சாப்பாட்டுத் தூக்கு, அதுக்கு மேல அழுக்குத் துணி. உன் நாத்தத் துணிய எவன் தொடுவான்?"

மச்சான் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"சரி மாமா" என்றான்.

வாரவிடுப்பில் இருப்பவனின் பூட்ஸ் சாயங்காலம் வரும், காலையில் அடிப்பாகத்தோடு உள்ளே போகும். வேலை ஓடியது. மிஷின் சத்தம் கேட்டதும் அவனுக்குத் தோள்வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. முதல் வாடகையைக் கொடுத்தான். கொடுத்த கையோடு ஆசை வந்தது.

"ஒத்த ஜோடியக் கொண்டாந்து எப்படி மாப்ள கட்டுப்படியாகும்? நாளைக்கு ரெண்டாக் கொண்டா."

"பை புடைச்சுக்கும் மாமா."

"நீ பயந்தே சாவ. கொண்டாப்பா."

மறுநாள் சங்கு ஊதியபோது அவன் பசையைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். கூட்டம் வழக்கம்போல வராமல் வாசலிலேயே தேங்கியது. எட்டிப் பார்த்தான். காவலாளி மேஜைமேல் மச்சானின் பை கவிழ்ந்து கிடந்தது. தூக்கு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். நடுவில் நாலு பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சூப்பர்வைசர் வந்துவிட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது.

"யாருக்குடா விக்கப்போற? சொல்லுடா!"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தெருவின் இந்தப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை. சூப்பர்வைசர் பார்த்தார். படகு மாதிரி வரைந்த பலகையைப் பார்த்துவிட்டு, கீழே கடைக்காரனையும் பார்த்தார்.

நாலு எட்டு வைத்தால் தெருவைத் தாண்டிவிடலாம். 'அவன் விக்கல, தைக்கத்தான் கொண்டாந்தான், கேட்டது நான்' என்று சொன்னால் போதும். திருட்டு என்கிற பேச்சாவது போயிருக்கும். அவன் நினைத்துப் பார்த்தான். கடை மூடப்படும், இருக்கிற ஜிப்பும் குடையும்கூடப் போகும் என்பதையும் நினைத்துப் பார்த்தான். பிறகு மிஷின்மேல் குனிந்து மிதிக்கத் தொடங்கினான். ஊசியில் நூல் இல்லை. அது வெறும் தோலில் ஓட்டை போட்டுக்கொண்டே போனது. வாசலில் கூட்டம் கலைகிறவரை அவன் காலை எடுக்கவில்லை.

மச்சானை வேலையை விட்டு நீக்கவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் வெளியே நிறுத்திவைத்தார்கள்.

"உங்க பேரச் சொல்லல அவன்" என்றாள் மனைவி. "அடிச்சுக் கேட்டாங்களாம். சொல்லல."

"அந்த மாசச் சம்பளத்த நான் குடுத்துடுறேன்னு சொல்லு."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் எந்த முகத்தோட சொல்றது?"

போய்ச் சொன்னான். மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான், உள்ளே வா என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் குழந்தை அழுதது.

"பாத்துக்கலாம் மாமா" என்றான்.

"இல்ல, கண்டிப்பாக் குடுத்துடுறேன்."

"சரி."

அதன்பிறகு ஒரு ஜோடி பூட்ஸும் வரவில்லை. உள்ளே அவன் விட்டுவந்த மூலையில் இப்போது உலைக்காரரே உட்கார்ந்து தைக்கிறார் என்று கேள்விப்பட்டான். தையல் கோணலாம், ஆனாலும் தாங்குகிறதாம். மிஷினை விற்று அடுத்த வாடகையைக் கொடுத்தான். கையாலேயே ஜிப் தைக்கிறான். தோள் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

மச்சான் மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டான். சங்கு ஊதினால் கூட்டத்தோடு வெளியே வந்து, தெருவின் அந்த ஓரமாகவே பஸ்ஸுக்குப் போகிறான். மச்சானுக்கு அவன் ஒரு மாதச் சம்பளம் தரவேண்டும். இன்னும் தரவில்லை.