மேல்மண்

அடுப்பின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிவில் துறையின் மண் ஆய்வகத்தில் இருக்கும் அந்த உலர்த்தும் அடுப்பு நூற்றைந்து டிகிரியில் இரவு முழுவதும் ஓடும். காலையில் அதிலிருந்து வெளிவரும் களிமண்ணுக்கென்று தனி வாசனை கிடையாது. சுட்ட தகரத்தின் வாசனைதான் இருக்கும். இன்று சருகு கருகிய வாசனை. தட்டிலிருந்த மண் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. நடுவே, அறுந்த நூல்போல ஏதோ சுருண்டிருந்தது. இடுக்கியின் நுனியால் தொட்டாள். பொடிந்துபோனது. மண்புழு.

பையை மாற்றி வைத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். இரண்டு பைகள், இரண்டிலும் அவள் கையெழுத்து, இரண்டிலும் 'மண்' என்ற ஒரே சொல். ஒன்று சிவில் துறைக்கு. ஓடைக் கரையின் மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டு, ஓர் ஆள் ஆழத்திலிருந்து எடுத்த களி. அதை அடுப்பில் காயவைத்து, இடித்து, சலித்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பார்கள். மற்றது சுற்றுச்சூழல் துறைக்கு. முதல் பை எடுப்பதற்காக வழித்து எறிந்தார்களே, அதே மேல்மண். அதைக் காயவிடக் கூடாது. வேரோடும் புழுவோடும் குளிர்பெட்டியில் வைத்து, அது மூச்சு விடுகிறதா, எவ்வளவு விடுகிறது என்று பார்ப்பார்கள். நேற்று மாலை இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில், செத்த மண் குளிர்பெட்டிக்குப் போய்விட்டது. உயிருள்ள மண் அடுப்புக்கு வந்துவிட்டது.

களியை இன்றைக்குக்கூடக் காயவைத்துக்கொள்ளலாம். அதற்கு எதுவும் ஆகாது. இதை என்ன செய்வது? மறுபடி எடுத்து வரவும் வழியில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால், அந்தக் கரையில், திங்கட்கிழமையிலிருந்து மண்வாரி எந்திரம் நிற்கிறது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். சுவர் வருவதற்கு முன் அந்த மண் எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு பைதான்.

ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் என்று சேர்ந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொன்னவர் அப்பா மட்டும்தான். அவர் சொன்னது பழமொழி. அவளுக்கு வாய்த்தது கால அட்டவணை. ஒரே மணி நேரத்தில் இரண்டு வகுப்பு, ஒரே வாரத்தில் இரண்டு தேர்வு. சிவில் பையன்கள் அவளைச் 'செடி' என்பார்கள். எதிர்க் கட்டடத்துக்குப் போனால் 'வந்துட்டாடா சிமெண்ட்டு' என்பார்கள். சென்ற பருவத் தேர்வில் ஒரு தாளில், கரையில் வளரும் கோரை நீரோட்டத்தைத் தடுக்கும் உராய்வு, அகற்ற வேண்டும் என்று எழுதினாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தாளில் அதே கோரையைக் காப்பாற்ற வேண்டிய காரணங்களை எழுதினாள். இரண்டிலும் முழு மதிப்பெண். அன்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தோஷம் வரவில்லை. யாரோ தன்னை வைத்து வேடிக்கை பார்ப்பதுபோல இருந்தது.

அதனால்தான் இந்த ஒற்றை ஆய்வு. சுவரே இல்லாமல் விட்டால் வீடு மூழ்கும்; முழுச் சுவர் வைத்தால் கரை சாகும். இடைவெளி விட்டு அடுக்கிய கல்லில் செடி வேர்பிடித்து, வெள்ளமும் தாங்குமா? இரண்டு துறைக்கும் ஒரே ஆய்வு, ஒரே தலைப்பு. அந்தத் தலைப்பின் கீழ் இரண்டு வழிகாட்டிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டால் ஒரு பட்டம் நின்றுவிடும். அதற்காக இன்னொரு வருடம் படிக்க வேண்டும். தலைப்பைப் பதிவுசெய்ய நாளைதான் கடைசி நாள். தலைப்பே இன்னும் முடிவாகவில்லை. அவள் 'ஓடை' என்று எழுதினால் ஒருவர் அடித்துவிட்டு 'வடிகால்' என்று எழுதுகிறார். அவள் 'வடிகால்' என்று எழுதிக்கொண்டு போனால் மற்றவர் அடித்துவிட்டு 'ஓடை' என்று எழுதுகிறார்.

கம்பி சார் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கம்பி கட்டுவதைப் பற்றி இருபது வருடமாகப் பாடம் எடுப்பதால் அந்தப் பெயர்.

"என்னம்மா செடி, வாடிப்போய் வர்ற? யாரும் தண்ணி ஊத்தலயா?"

அவள் தட்டை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மண்ணு காஞ்சதுக்கா இந்த மூஞ்சி? காஞ்ச மண்ணுதாம்மா நம்ம கணக்குக்கு அடங்கும்."

"இது மேல்மண்ணு சார்."

"மேல்மண்ண நாங்க வழிச்சு வீசுவோம். நீ பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்து வறுத்திருக்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தார். குரல் இறங்கியது. "இங்க பாரு. உன் வெள்ளக் கணக்கு பிரமாதமா வந்திருக்கு. அந்தக் கட்டடத்துக் கதைய விட்டுடு. ஓடைய அடிச்சுட்டு வடிகால்னு போடு, இப்பவே கையெழுத்து போடறேன். எதுக்கு ரெண்டையும் கட்டிட்டு மாரடிக்கிற?"

அவர் மோசமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கறையாகச் சொன்னார். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். ஒரு கணம் அவள் கை பையிலிருந்த தலைப்புத் தாளை நோக்கி நகர்ந்தது. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று தட்டை எடுத்துக்கொண்டாள்.

எதிர்க் கட்டடத்தில் பாசி மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடிக் குடுவைகளில் பச்சையும் பழுப்புமாகப் பாசி வளர்க்கும் அந்த அறையில் எப்போதும் குளத்தோர வாசனை. மேடம் தட்டை மூக்கருகே கொண்டுபோய், மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது மண்ணு இல்ல. செங்கல்லு."

அவள் தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த பொடியை விரலால் துடைத்தாள்.

"பசங்க உன்ன சிமெண்ட்டுன்னு கூப்பிட்டா நான் திட்டுவேன், தெரியுமா?"

இதற்கு அவர் அடித்திருக்கலாம்.

"ஓடைல இன்னும் கொஞ்சம் கீழ போய், வேற இடத்துல எடுத்துட்டு வரவா மேடம்?"

"வேற இடத்துல எடுத்தா அது வேற மண்ணு. சுவருக்கு முன்னாடி, சுவருக்குப் பின்னாடின்னு ஒப்பிடறேன்னு சொல்லிட்டு, முன்னாடியே இல்லன்னா எதை ஒப்பிடுவ? கான்கிரீட் பகுதிய எடுத்துடு. வெறும் ஓடையா எழுது. நான் போடறேன்." பிறகு ஏதோ நினைத்தவராக, "வடிகால்னு மட்டும் எழுதிட்டு எங்கிட்ட வராத. பேர வச்சே பாதி கொன்னுடறோம்" என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. இருவர்மீதும் எரிச்சலாக வந்தது. இருவர் சொன்னதிலும் தப்பு இல்லை என்பதால் அந்த எரிச்சலைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இல்லாமல் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஒரு மழையில் அந்த ஓடை வீட்டுக்குள் வந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றிவிட்டு, முழங்கால் அளவுக் கறுப்புத் தண்ணீரில் அம்மா இரவெல்லாம் நின்றாள். விடிந்ததும் தண்ணீர் இறங்கியபோது மாடிப்படியில், படிக்கு ஒன்றாக, சின்னச் சின்னத் தவளைகள் உட்கார்ந்திருந்தன. எங்கே போவது என்று தெரியாமல் அவையும் விழித்துக்கொண்டிருந்தன. இனி இந்த வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்று அவள் நினைத்ததும், இந்தத் தவளைகள் எங்கே போகும் என்று நினைத்ததும் ஒரே காலையில்தான். இரண்டு நினைப்புக்கும் நடுவில் எத்தனை நிமிடம் இருந்திருக்கும்? அதற்குள் எங்கிருந்து வந்தன இரண்டு கட்டடங்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் பின்பக்கத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"வாடி, வந்து பாரு! நம்ம பக்கம் முடிச்சுட்டாங்க!"

எந்திரம் பக்கத்து வீட்டை நோக்கி நகர்ந்திருந்தது. புதிய சுவர் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாக, வழுவழுப்பாக நின்றது. கோரை இல்லை. கரையே இல்லை. அம்மா சுவரைத் தட்டிக் காட்டினாள், வாங்கி வந்த மாட்டைத் தட்டிக் காட்டுவதுபோல.

"மூணு மனு குடுத்தேன். அந்தக் கவுன்சிலர் வீட்டுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்னு உங்கப்பா கிண்டல் பண்ணாரு. இப்ப வந்து பாக்கச் சொல்லு. இனிமே மழை வந்தா நிம்மதியா தூங்கலாம். என்னடி, நீ படிச்ச படிப்பு, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நல்லா கட்டியிருக்கானா?"

அவள் குனிந்து பார்த்தாள். நல்லாத்தான் கட்டியிருந்தார்கள். சரிவு சரி, இணைப்பு சரி. குறை கண்டுபிடித்தால் ஆறுதலாக இருக்குமே என்று தேடினாள், கிடைக்கவில்லை.

"நல்லா கட்டியிருக்காங்கம்மா."

"அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

சொன்னாள். மண், அடுப்பு, நாளைக்குக் கடைசி நாள், எல்லாம். அம்மாவுக்கு ஒன்று மட்டும்தான் புரிந்தது.

"சாக்கடை மண்ணுதான வேணும்? அதுக்கா இவ்ளோ? போன மாசமே ரெண்டு வாளி அள்ளி வச்சேனே, செடி வைக்க."

பெயிண்ட் வாளிகள் இரண்டும் சுவரோரம் இருந்தன. ஒன்றில் ரோஜாக் குச்சி துளிர்த்திருந்தது. அவள் அவசரமாக மண்டியிட்டு உள்ளே கை விட்டாள். சில்லென்ற ஈரம். அந்த வாசனை, கரையில் மண்ணை அள்ளிப் பையைக் கட்டும்போது வந்த அதே வாசனை. விரலிடுக்கில் ஒரு புழு நெளிந்தது.

"இதுல வேற எதுவும் கலக்கலல்ல?"

"ஏன் கலக்காம? டீத்தூள், முட்டை ஓடு, கொஞ்சம் சாம்பல். சும்மா விட்டா செடி வருமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் கம்பி சார் என்ன சொல்வார், பாசி மேடம் என்ன சொல்வார் என்பது அட்சரம் பிசகாமல் காதில் கேட்டது. இது ஓடையும் இல்லை, வடிகாலும் இல்லை, பூந்தொட்டி.

மழை திடீரென்றுதான் பிடித்தது. அம்மா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். சுவருக்குள் தண்ணீர் வந்துவிட்ட சத்தம் கேட்டது. முன்பெல்லாம் மழையில் இந்த ஓடை முனகும். கோரைக்குள் நுழைந்து, நின்று, சுற்றி, தயங்கித் தயங்கிப் போகும். இது சாலையில் வண்டி போவதுபோன்ற ஒரே நேர்ச் சத்தம்.

"மழைல நின்னு என்னடி பண்ற? உள்ள வா!"

"அம்மா, இதுக்குப் பேரு என்ன?"

"எதுக்கு?"

"இதுக்கு." ஈரக் கையால் சுவருக்கு அப்பால் காட்டினாள்.

அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். சாக்கடை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். புத்தம் புது வெள்ளைச் சுவரைப் பார்த்து அப்படிச் சொல்ல மனம் வரவில்லை போலும்.

"தெரியலயே. இப்ப என்னன்னு சொல்றது?" என்றாள்.

அவள் இடக் கையை மூடியே வைத்திருந்தாள்; உள்ளே மண்ணும் புழுவும். வலக் கையால் ரோஜாச் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினாள். நீரோட்டத்தின் வேகத்தை அளக்க முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த வழி அது. மிதக்கும் எதையாவது போட்டு, எண்ண வேண்டும். சுவரில் சாய்ந்து இலையை நீரில் போட்டாள். 'ஒன்று' என்று அவள் உதடு பிரிவதற்குள் இலை பக்கத்து வீட்டையும் தாண்டிப் போய்விட்டிருந்தது. மூடிய கைக்குள் புழு, வெளியே வர வழி தேடி, ஒவ்வொரு விரலிடுக்காக முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.