ஜிம்மிக்கு நிழல்

சித்திரை மாதத்து வெயிலில், காலை பத்து மணிக்கெல்லாம் கண்டக்குழிக் கரை தரையைவிட்டுச் சற்றே எழும்பி மிதக்கத் தொடங்கிவிடும். வள்ளங்கள் நீரைத் தொடாமல் நிற்கும். தூரத்தில் நடந்து வருகிறவருக்குக் கால்கள் இருக்காது. வெக்கை தணிக்கும் சோழகக் காற்று எழும்ப இன்னும் மூன்று கிழமை கிடந்தது. அதுவரை கடலும் அரைத் தூக்கத்தில்தான் மூச்சுவிடும்.

தன் கருவாட்டு வாடிக் கொட்டகைக்கு முன்னால், ஒரு துண்டு நிழலும் விழாத வெட்டவெளியில், சவிரிமுத்து நாய் ஜிம்மியைச் சங்கிலியால் கட்டியிருந்தார். ஊர் பார்க்க வேண்டும் என்றே தேர்ந்தெடுத்த இடம் அது.

இரண்டு வருடத்துக்கு முன் ஜிம்மி பக்கத்து வீட்டு வளவுக்குள் புகுந்து, ஆசியா உம்மா காயப்போட்டிருந்த பாரைக் கருவாட்டைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. ஆசியா உம்மா சண்டை பிடிக்கவில்லை. வாடி வாசலில், பத்துப் பேருக்கு நடுவில், "உங்கட நாய்தானே, சவிரியண்ணே?" என்று மட்டும் கேட்டார். சவிரிமுத்துவின் தகப்பன், பாட்டன் எவரும் அடுத்தவர் படங்கு விரிப்பில் கிடந்த மீனைக் குனிந்துகூடப் பார்த்தவர்கள் அல்லர். அன்று முதல் நாய்க்குச் சங்கிலி. ஆசியா உம்மாவோடு கதை பேச்சும் இல்லை.

"அத்தான், நாய்க்கு நாக்கு நிலத்தில முட்டுது. அவுத்து விடுங்களேன்" என்றான் மனைவியின் தம்பி கில்பட், நெத்தலியைப் புரட்டியபடி.

"கட்டின நாய்க்குத்தான் மரியாத."

"மரியாதையாத்தான் சாகப்போகுது. சவப்பெட்டிக்குச் சொல்லிவிடட்டா?"

சவிரிமுத்து திரும்பிப் பார்த்தார். ஜிம்மியின் இளைப்பு ஒரு மாதிரியாக மாறியிருந்தது. ஈறுகள் செங்கல் நிறத்தில் சிவந்து, வாயிலிருந்து எச்சில் பசைபோல இறங்கிற்று. எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால்கள் வேறு யாருடையவோ போல மடிந்தன.

சங்கிலியைக் கழற்றி, நாயைத் தூக்கிக்கொண்டு நேரே கடலுக்குள் இறங்கினார். அறுபத்தெட்டு வருடமாக எந்த வெக்கைக்கும் அவருக்குத் தெரிந்த மருந்து கடல்தான். ஆனால் கரையோரத் தண்ணீர் கஞ்சிபோலச் சுட்டது. தவித்த வாய் அதையும் மடமடவென்று குடித்து, குடித்ததைக் கக்கிற்று. வள்ளத்தின் அடியில் கிடத்தலாம் என்று போனார். பைபர் வள்ளம் அடுப்பில் காய்ந்த தாச்சிபோல அனல் வீசியது. வாடியில் இருந்த பிளாஸ்டிக் பீப்பாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

குளிர்ந்த கிணறும் வேம்பு நிழலும் இருந்தது ஒரேயொரு வளவில்.

நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியும் கனவில் நடப்பதுபோல நீண்டு கொண்டே போயிற்று. மணல் காலடியில் இல்லை. கேட் கிட்ட வருவதும் விலகுவதுமாக இருந்தது. கையில் கிடந்த உயிர் மட்டும், கொதிக்கும் பானைபோல, நெஞ்சில் சுட்டது. இது போய்விட்டால் சங்கிலி யாருடைய மானத்தைக் காத்துக்கொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து, வெயிலில் கரைந்து போயிற்று.

"உம்மா" என்றார் கேட்டில் நின்று. இரண்டு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. "நாய்... தண்ணி வேணும்."

"அல்லாஹ்வே! பாத்துட்டா நிக்கிற? வேம்புக்குக் கீழ கொண்டுவாங்க."

ஆசியா உம்மா கிணற்றில் வாளியைப் போட்டார். "தலையில கொட்டவாணாம். வயித்துக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் ஊத்துங்க. ஐஸும் வாணாம். என்ட ஆட்டுக்கும் நான் இப்பிடித்தான் செஞ்ச. கிடுகு ஓலையால காத்து விசுக்குங்க. வாய்ப்பக்கம் நீங்களே பாத்துக்கோங்க, நாய் எச்சில் பட்டா ஆகாது, எனக்குத் தொழ ஈக்கி."

சவிரிமுத்து ஊற்றினார், விசுக்கினார், சிரட்டையில் மிடறு மிடறாகக் காட்டினார். வேப்பம்பூ ஒவ்வொன்றாக நனைந்த மயிரில் விழுந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவந்த குளிர் மரத்தடியில் உலவியது. எவ்வளவு நேரம் போனதென்று அவருக்குத் தெரியவில்லை. எப்போதோ ஜிம்மி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வால் ஒருமுறை, மிக மெதுவாக, மண்ணைத் தட்டியது.

"நல்லாகினாலும் மிருக வைத்தியருக்குக் காட்டுங்க" என்றார் ஆசியா உம்மா.

"பின்னேரம் கற்பிட்டிக்குக் கொண்டு போறன்." சவிரிமுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டார். கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "சோழகம் வரும் வரைக்கும் பகல்ல நாய இங்க விடலாமா? கட்டாம."

"விடுங்க. கருவாட்டத் திண்டாலும் நான் ஒண்ணும் செல்ல மாட்டன்."

"சொல்லணும். வாடிக்கு வந்து, பத்துப் பேர் பாக்கச் சொல்லணும். நான் பதில் சொல்லுவன்."

ஆசியா உம்மா முக்காட்டு நுனியால் வாயை மூடிச் சிரித்தார். "சரி, சரி. உங்கட மானம் பொழச்சிட்டு. நாயப் பாருங்க."

பள்ளிவாசலிலிருந்து நண்பகல் ளுஹர் பாங்கு மிதந்து வந்தது. ஆசியா உம்மா தொழ உள்ளே போனார். நிழலில் ஜிம்மி உறங்கிற்று. உறக்கத்தில் அதன் நாலு கால்களும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தன.

"அத்தான், மீன் புரட்ட வாங்க!" வாடியிலிருந்து கில்பட் கத்தினான்.

"நீ புரட்டு" என்றார் சவிரிமுத்து. "எனக்கு இங்க வேலை கிடக்கு."

அவர் கிடுகை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.