ஏறுமுகம் மேடமும் என் இரும்பு அலமாரியும்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மரக்கடையில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தக அலமாரி செய்யத் தேக்குப் பலகை கேட்டுப் போயிருந்தேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"மரமே வரல சார். விலை ஏறப்போகுதாம். ஏறினப்புறம் வித்துக்கலாம்னு வன இலாகா ஏலத்தைத் தள்ளி வச்சிட்டாங்க."

"ஏறப்போகுதுன்னு யார் சொன்னா?"

"ஏறுமுகம் மேடம்தான். பல்கலைக்கழகத்துல காட்டுக் கொள்கை, மரச் சந்தைன்னு ஆராய்ச்சி பண்றவங்க. வருஷா வருஷம் ஏறும்னு சொல்வாங்க. வருஷா வருஷம் ஏலம் தள்ளிப்போகும். நீங்க பேசாம இரும்புல வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டேன். அது இப்போது என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. திறக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டு உயிரை வாங்குகிறது. அந்த மேடத்தை நான் பார்த்ததே இல்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத காட்டின் நடுவே, தேக்கு மரம் ஒன்றைத் தழுவியபடி அவள் நின்றிருந்தாள். அவள் கண்களில்…"

இல்லை. கண்களில் எரிச்சல்தான் இருந்திருக்கும். மேடத்துக்குக் காடு ஆகாது. பூத்த மரம் எதிரில் வந்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடமாகக் காட்டை அவள் அட்டவணைகளில் மட்டுமே பார்த்துவருகிறாள்.

இரண்டாவது தொடக்கம்: "மர விலையை நிர்ணயிக்கும் காரணிகளுள் முதன்மையானதாகக் கருதப்படுவது…"

இதுவும் இல்லை. நீங்கள் ஓடிப்போவீர்கள்.

(இன்னொன்று. 'அவள்' என்று எழுதிவிட்டேன். மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். இனி 'அவர்'.)

3

விஷயம் இதுதான். மேடம் ஒவ்வோர் ஆண்டும் நேர்மையாகக் கணக்குப் போட்டு, தேக்கு விலை ஏறும் என்று அறிக்கை தருவார். இலாகா அதைப் படித்துவிட்டு ஏலத்தைத் தள்ளிவைக்கும். மரம் வராது. மரம் வராவிட்டால் விலை ஏறவேண்டும் அல்லவா? ஏறாது. ஏனென்றால் என்னைப் போன்றவர்கள் இரும்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கணிப்பு மண்ணைக் கவ்வும். காடு மட்டும் ஒரு கிளைகூடக் குறையாமல் நிற்கும்.

கணிப்பு ஒன்றுகூடப் பலிக்காததால் அவர் இன்னும் இணைப் பேராசிரியர். அவரிடம் படித்த மாணவர் பேராசிரியராகி, துறைத்தலைவராகவும் ஆகிவிட்டார். நடைபாதையில் பார்த்தால் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்வார். அந்த வணக்கம் ஒவ்வொரு முறையும் மேடத்தின் நெஞ்சில் போய்த் தைக்கும்.

இந்த வருடம் மேடம் முதல்முறையாகத் தன் கணக்கில் ஒரு புதிய காரணியைச் சேர்த்தார்: தன் அறிக்கையைப் படிப்பவர்கள். விடை வந்தது. 'இறங்கும்' என்று சொன்னால் இலாகா பதறியடித்துக்கொண்டு மொத்தக் காட்டையும் ஏலம் விடும். சந்தையில் மரம் குவியும். விலை இறங்கும். கணிப்பு பலிக்கும்.

மேடம் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

4

அவர் கணவர் பல் மருத்துவர். வாயைத் திறப்பவர்களிடமெல்லாம் 'வலிக்காது' என்று சொல்லிப் பிழைப்பவர்.

"நாளைக்குப் பதவி உயர்வு நேர்காணல்ல இறங்கும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. அடுத்த வருஷம் ஓய்வு. இதுதான் கடைசி வாய்ப்பு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"எது பொய்? நீ சொன்னா நிஜமாவே இறங்கும்ல? நான் வலிக்காதுன்னு சொல்றதாலதான் பாதிப் பேருக்கு வலிக்கிறதில்ல."

"காட்டையே வித்துருவாங்கங்க."

"உனக்குத்தான் காடே ஆகாதே!"

"எனக்கு உங்க தம்பியும்தான் ஆகாது. அதுக்காக வெட்டச் சொல்லவா?"

(அந்தத் தம்பி முந்தைய வரைவில் மூன்று பக்கம் உட்கார்ந்திருந்தார். எந்த வேலையும் செய்யவில்லை. எடுத்துவிட்டேன்.)

"சரி, உனக்குப் பேராசிரியர் ஆகணுமா வேண்டாமா?"

"ஆகணும்ங்க," என்றார் மேடம். "ரொம்ப ஆசையா இருக்கு."

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. காட்டைக் காப்பாற்றும் தியாகியாக அவரை ஆக்கப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் காட்டைக் காப்பாற்றியது அவரது தவறிப்போன கணிப்புதான். அந்தத் தவறை இனி தெரிந்தே செய்யவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அவரால் தூங்க முடியவில்லை.

5

நேர்காணல் அறை. நீளமான மேஜை, திறந்த ஜன்னல், ஜன்னலை ஒட்டிப் பூத்துக் குலுங்கும் ஒரு மரம். துறைத்தலைவர் எழுந்து வணங்கிவிட்டு, அதற்காகக் கூச்சப்பட்டு உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒரு கணிப்பாவது பலிக்கணும்னு குழு சொல்லுது. இந்த வருஷக் கணிப்பை இங்கேயே சொல்லிடுங்க. இலாகா அதிகாரியும் வந்திருக்கார். ஏலத் தேதி குறிக்கணுமாம்."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஏறுமா மேடம், இறங்குமா?"

6

முடிவுகள் கையிருப்பில் உள்ளன.

அ. 'இறங்கும்.' மேடம் பேராசிரியர். மலிந்துபோன தேக்கில் அவருக்குப் பெரிய மேஜை ஒன்றும் செய்துதருகிறார்கள். எனக்கும் மர அலமாரி கிடைக்கும். இதில் எனக்கு ஆதாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஆ. 'ஏறும்.' காடு நிற்கிறது. மேடம் இணைப் பேராசிரியராகவே வீட்டுக்குப் போகிறார். காட்டைக் காப்பாற்றியவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கணக்குத் தெரியாதவர் என்று எல்லாரும் சொல்வார்கள்.

இ. 'அப்படியே இருக்கும்.' நானும் இப்படித் தப்பிக்கப் பார்த்தேன். காத்திருந்து லாபமில்லை என்று இலாகா அன்றைக்கே ஏலம் விடும், விலை விழும். காடும் போகும், பதவியும் போகும்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்தேன். அப்போதுதான் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது.

மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண்கள் சொருகின. மூக்கு விடைத்தது. "ஹ… ஹ…" என்று தலை பின்னால் போனது. குழு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதிகாரியின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

இங்கே நான் எழுதுவதை நிறுத்துகிறேன். தும்மல் வரும்வரை பதில் இல்லை. பதில் வரும்வரை தேதி இல்லை. தேதி இல்லாதவரை அந்தக் காட்டை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் முப்பது வருடம் காத்திருந்த ஒரு பெண்மணியை, வாயைத் திறந்தபடி, நான் இப்படி உட்காரவைத்துவிட்டுப் போகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

மேஜையில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், மடித்த கைக்குட்டை ஒன்று இருக்கிறது. எடுத்துக் கொடுப்பதானால் கொடுங்கள்.